நன்றாக இருப்பவளுக்கு வந்த போன்கள்

1

"ஒத்தக் கிட்னிய வச்சுக்கிட்டு ஒரு கொடம் தண்ணி தூக்குவாளா இவ?"

சின்னத்தாய் அத்தை இதைக் கேட்டபோது நான் கட்டிலில் படுத்திருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து எழுமலை வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். விலாவில் தையல் போட்ட இடத்தில் துணி உரசினால்கூட வலித்தது. அத்தை என் அப்பாவின் தங்கை. சாத்துக்குடியும் ரொட்டி பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். ஆனால் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. என் அண்ணன் கண்ணனிடம் கேட்டாள். அவள் மகனுக்கு என்னைக் கட்டிவைப்பதாக நான் வயதுக்கு வந்த நாளிலிருந்து இருந்த பேச்சு அந்த ஒரு கேள்வியில் முடிந்துபோனது. அண்ணன் தலையைத் தூக்காமல் சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தான். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த மாப்பிள்ளை கைவிட்டுப் போனதில் எனக்கு வருத்தமில்லை. குடம்தான் உறுத்தியது. அடிகுழாயில் வரிசை நின்று, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் நான் தினமும் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அண்ணன்கூட இரண்டாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போய்விட்டான். குடம் தூக்கிய கையோடு என்ஜினியரிங் வரை படித்தவளைப் பார்த்து ஒரு குடம் தூக்குவாளா என்று கேட்டதை நான் மறக்கவில்லை. மறக்கக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன்.

இப்போது நான் இங்கிலாந்தில் லீட்ஸ் என்கிற ஊரில் இருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மாரத்தான் ஓடப்போகிறேன். உசிலம்பட்டியில் பஸ் ஏறி மதுரையில் இறங்குகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. சிறுநீரக நோயாளிகளுக்காக நிதி திரட்டும் ஓர் அமைப்பின் சார்பில் ஓடுகிறேன். இந்த ஓட்டத்தால் ஊரில் என்னவெல்லாம் நடந்தது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

2

கிட்னி கொடுத்தது என் அம்மாவுக்கு. அவள் பெயர் இருளாயி.

அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போதே போய்விட்டார். அதன் பிறகு அம்மாதான் களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் கடலை பிடுங்கவும் போய் என்னைப் படிக்க வைத்தாள். காட்டில் வேலை செய்கிற பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க மறைவான இடம் இருக்காது. நாள் முழுக்க வெயிலில் குனிந்துவிட்டு, சாயங்காலம் மேலு வலிக்கு மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுப்பாள். பல வருஷம் அப்படி. இரண்டும் சேர்ந்துதான் கிட்னியைத் தின்றுவிட்டதாக டாக்டர் சொன்னார். நான் கடைசி வருஷப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. அதன் பிறகு வாரத்தில் பாதி நாள் எழுமலைக்கும் மதுரைக்கும் பஸ்ஸில் அலைந்து டயாலிசிஸ்.

அண்ணனுக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் அதிகாரிகள் குழு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டது. ஆமாம், என்னை அம்மாதான் வேண்டாம் வேண்டாம் என்று வற்புறுத்துகிறாள் என்றேன். அவர்கள் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது அம்மா கையில் ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். வாழ்நாள் முழுக்க வேளை தவறாமல் போட வேண்டியவை. உடம்பு இன்னொருத்தர் கிட்னியை வேற்றாள் என்று நினைத்துத் தாக்கும், அதைத் தாக்கவிடாமல் இந்த மாத்திரைகள் தடுக்கும். இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, "இதுதாம்மா கிட்னிய ஒட்ட வைக்கிற மாத்திரை. இதப் போடாட்டி கழண்டுக்கும்" என்று சொன்னேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தாள். படித்த பிள்ளை எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

3

மழைநீர் வடிகால் வடிவமைக்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. சாக்கடைக்குப் படம் போடுவதற்கா இம்புட்டுப் படிப்பு என்று அத்தை ஊரில் யாரிடமோ சொன்னதாக அண்ணன் சொல்லியிருக்கிறான். அவளுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான், என் வேலை முழுவதும் சாக்கடைதான்.

இங்கே வந்த முதல் மாதத்தில் ஆபீசில் எல்லோரும் என்னைப் பார்த்து "ஆல் ரைட்?" என்று கேட்டார்கள். என் முகம் நோயாளி முகமாகத் தெரிகிறதோ என்று பயந்து கழிவறைக் கண்ணாடியில் போய்ப் பார்ப்பேன். ஒருநாள் ஜேன் என்கிற பெண் கேட்டபோது நின்று நிதானமாக, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, காலில் குளிர் ஏறிவிட்டது, சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றெல்லாம் பதில் சொன்னேன். அவள் திகைத்துப்போய்க் கோப்பையோடு நின்று முழுவதையும் கேட்டாள். பிறகுதான் அது வணக்கம் மாதிரி ஒரு சொல், பதிலுக்கு யாரும் நிற்பதில்லை என்று தெரிந்தது. ஜேன் மட்டும் நின்றாள். இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி அவள்தான். அவள்தான் என்னை ஓட்டக் குழுவுக்கு அழைத்துப் போனாள்.

தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு பள்ளி மண்டபத்தில் கூடுவார்கள். எல்லோரும் கணவன், மனைவி, பிள்ளைகளாக வருவார்கள். பிள்ளைகள் மேடையில் தமிழ்ப் பாட்டுப் பாடிவிட்டுக் கீழே இறங்கி இங்கிலீஷில் சண்டை போடுவார்கள். பெண்கள் என்னிடம் எந்த ஊர் என்று கேட்பார்கள். மதுரை என்றால் மதுரையில் எங்கே என்பார்கள். எழுமலை என்றால் எழுமலையில் எந்தத் தெரு என்கிற இடம் வரும்போது நான் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். இரண்டு வருஷமாகப் போவதில்லை.

அதனால் என் ஞாயிற்றுக்கிழமைகள் ஓட்டத்துக்குப் போயின. ஆரம்பத்தில் ஒரு தெரு முனை. பிறகு கால்வாய்க் கரை. இந்த ஊருக்குள் பழைய கால்வாய் ஒன்று ஓடுகிறது. கரையில் மண் பாதை. குளிர்காலத்தில் தண்ணீர்மேல் மெல்லிய ஐஸ் படிந்திருக்கும், வாத்துகள் அதன்மேல் நடக்கத் தெரியாமல் வழுக்கும். ஓடும்போது எதிரே வருகிறவர்கள் தலையசைப்பார்கள். வாரம் முழுவதும் எனக்குக் கிடைக்கிற தலையசைப்புகளில் பாதி அங்கே கிடைப்பவை.

மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க டாக்டர் கடிதம் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் இருந்த பெண் என்ன நோய் என்று கேட்டாள். நோய் இல்லை, ஒரு கிட்னி இல்லை என்றேன். எப்போது பழுதானது என்றாள். பழுதாகவில்லை, நல்ல கிட்னி, கொடுத்துவிட்டேன் என்றேன். அவள் கம்ப்யூட்டர் நோயின் பெயரைப் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. கடைசியில் 'இதர' என்று போட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் நான் இதர நோயாளி. டாக்டர் பரிசோதித்துவிட்டு, தாராளமாக ஓடலாம், தண்ணீர் நிறையக் குடி, வலி மாத்திரை மட்டும் தொடாதே என்றார். குழுவில் முழங்கால் வலிக்கு ஆளாளுக்கு மாத்திரை நீட்டுவார்கள். நான் அம்மாவை நினைத்துக்கொண்டு ஐஸ் வைத்துக்கொள்வேன்.

பிப்ரவரியில் ஒரு பயிற்சிப் போட்டி ஓடினேன். வழியில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு இடத்தில் தண்ணீர் மேஜை, அதற்கு அப்பால் வரிசையாகப் பச்சை நிறத்தில் தற்காலிகக் கழிப்பறைகள். சும்மா ஓடிக் களைக்கிறவர்களுக்கு, குடிக்கவும் ஒதுங்கவும், வயல்வெளி நடுவில். ஒரு பெண் சாதாரணமாக வரிசையிலிருந்து விலகி உள்ளே போய்விட்டு வந்து, மறுபடி ஓட்டத்தில் சேர்ந்துகொண்டாள். நான் அங்கேயே நின்று அந்தக் கதவுகளைப் பார்த்தேன். களைப்பினால் என்று நினைத்து யாரோ முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

4

நிதி திரட்டுவதற்கு ஒவ்வொருவருக்கும் இணையத்தில் ஒரு பக்கம் கொடுப்பார்கள். அதில் நான் இங்கிலீஷில் நாலு வரி எழுதினேன். அம்மாவுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்திருக்கிறேன், மிச்சமுள்ள ஒன்றோடு ஓடுகிறேன், சிறுநீரக நோயாளிகளுக்கு உதவுங்கள். கூடவே ஒரு படம். கிட்னி படம் போட்ட பனியன், பயிற்சியில் இளைத்துக் கறுத்த முகம். ஆபீசில் எல்லோருக்கும் அனுப்பினேன். அண்ணனுக்கும் சும்மா பார்க்கட்டும் என்று அனுப்பினேன். அவன் லாரி ஓட்டுகிறவன், நாக்பூர் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். படத்தைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்களும் கூட்டாளிகளும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு வண்டியை எடுத்திருக்கிறான்.

சில நாளில் எனக்குப் போன்கள் வர ஆரம்பித்தன.

இது எவ்வளவு அதிசயம் என்று வெளிநாட்டில் தனியாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நான்கு வருஷத்தில் அம்மாவும் அண்ணனும் தவிர ஊரிலிருந்து யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. கூப்பிடாதவர்களைக் கூப்பிடக் கூடாது என்பது என் ரோஷம். இப்போது கொட்டாம்பட்டியில் கட்டிக்கொடுத்த பெரியம்மா மகள் கூப்பிட்டாள். என்னோடு பத்தாவது படித்தவள் கூப்பிட்டாள். பேசி வருஷக்கணக்கான ஒரு சித்தப்பா கூப்பிட்டு, இருமி இருமி, நன்றாகச் சாப்பிடு தாயி என்று மூன்று தடவை சொன்னார். யாரும் காரியமாகப் பேசவில்லை, எதுவும் கேட்கவில்லை. மழை, ஆடு, யார் வீட்டில் காதுகுத்து என்று சிரித்துப் பேசிவிட்டு வைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை சின்னத்தாய் அத்தையே கூப்பிட்டாள்.

"மீனா, அத்தை பேசுறேன்டி. என்னத்தா பண்ற? அங்கிட்டு ரொம்பக் குளிராமுல்ல?"

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைக்காமலே உட்கார்ந்துவிட்டேன். அவள் எனக்கு என்ன வேண்டும், ஊறுகாய் போடவா, சுக்கு இடித்து அனுப்பவா என்று கேட்டாள். பிறகு சொன்னாள்.

"சின்னப் பிள்ளையில நீ எம்புட்டுத் தண்ணி தூக்குவ. தலையில ஒன்னு, இடுப்புல ஒன்னு. அந்தத் தெருவுல எவளும் ஒன்னைய மாதிரித் தூக்குனதில்ல."

போனை வைத்த பிறகு நான் அழுதேன். அவள் அந்த நாளை நினைவில் வைத்திருக்கிறாள், இது அதற்குப் பதில் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் நான் அதுவரை ஓடாத தூரத்தை ஓடினேன். கடைசியில் கால்கள் தனியே போய்க்கொண்டிருந்தன. ஊர் என்னை நினைக்கிறது, நான் இங்கே தனி ஆள் இல்லை என்று ஜேனிடம் சொன்னேன். இரண்டு வாரம் அப்படியே போனது. அந்த இரண்டு வாரமும் இந்த நாட்டில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள்.

செத்துப் போனவர்களைப் பற்றித்தான் எங்கள் ஊரில் அப்படிப் பேசுவார்கள். எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

5

ஒரு புதன்கிழமை காலை ஆபீசில் இருந்தபோது மதுரையிலிருந்து கூப்பிட்டார்கள். அம்மா சோதனைக்குப் போகும் கிளினிக்கின் நர்ஸ் அக்கா. ஆபரேஷன் காலத்திலிருந்து எங்களைத் தெரிந்தவர்.

"மீனா, நீ நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்க்கா."

"மறைக்காமச் சொல்லு. ஒங்கம்மா தனியா பஸ் ஏறி இங்க வந்து உக்காந்துருக்காக. இந்தக் கிட்னிய எடுத்து எம்மகளுக்கே திருப்பி வச்சிருங்கன்னு அழுகுறாக. மாத்திரையவும் சில நாளா நிறுத்திட்டாகளாம்."

ஏன் என்று கேட்டேன். அம்மாவின் போனில் இருந்த ஒரு படத்தை அவர் எனக்கு அனுப்பினார்.

எழுமலை பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃபிளெக்ஸ். பெரியது. நடுவில் என் இளைத்த முகம். மேலே, 'லண்டனில் உயிருக்குப் போராடும் எங்கள் வீட்டுப் பிள்ளை பாண்டிமீனாவைக் காப்பாற்ற உதவிடுவீர்' என்று சிவப்பு எழுத்து. கீழே வரிசையாகக் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு அண்ணனின் கூட்டாளி சிவாவும் அவன் நண்பர்களும். சிவா உசிலம்பட்டியில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். குழுவில் வந்த பக்கத்தில் என் முகமும், கிட்னி படமும், உதவுங்கள் என்ற சொல்லும் அவனுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. ஒரு கிட்னி போனவள், மிச்சமிருந்ததும் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டான். கண்ணன் வெளியூரில் இருக்கிறான், கேட்டால் கௌரவம் பார்த்து வேண்டாம் என்பான் என்று அவனே தன் செலவில் அடித்து, டீக்கடையில் உண்டியலும் வைத்துவிட்டான். உள்ளபடியே நல்ல பையன்.

ஊரில் ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. எங்கள் பக்கம் பெரிய நோய் வந்தவரிடம் அதைப் பேச மாட்டார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்தாலும் படுத்திருப்பவருக்குத் தெரியக் கூடாது. போய்ப் பார்த்து, சிரித்துப் பேசி, ஆசையாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வந்து அழுவார்கள். என் தெருவும் அதைத்தான் செய்திருக்கிறது, போனில்.

அம்மாவும் என்னிடம் கேட்கவில்லை. அவள் வேறு கணக்குப் போட்டிருக்கிறாள். மாத்திரை போட்டால் ஒட்டியிருக்கும், போடாவிட்டால் கழன்றுகொள்ளும். கழன்றுகொண்டால் டாக்டர் எடுப்பதற்குச் சுலபம். அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தது நான்.

நர்ஸ் அக்கா போனை அம்மாவிடம் கொடுத்தார். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

"நீ எப்பத்தான் நல்லா இல்லன்னு சொல்லிருக்க? காச்சல்ல கெடந்தப்பவும் நல்லாருக்கேன்னுதான சொன்ன. எல்லாரும் சொல்லி வச்சுக்கிட்டுப் பேசுறீக."

அது உண்மை. நான்கு வருஷமாக ஒவ்வொரு நாளும் அந்த ஒரு சொல்லைத்தான் அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அது செல்லுபடியாகவில்லை. டாக்டர் சொல்லியும் மாத்திரையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாளாம். இன்னும் ஒரு வேளை தவறினாலும் கிட்னி போய்விடலாம் என்றார் நர்ஸ் அக்கா. மூத்த டாக்டர் ஊசி போடச் சொல்லியிருக்கிறார், கையை நீட்ட மறுக்கிறாள்.

நான் ஓடப் போடுகிற ஷூ எப்போதும் மேஜைக்குக் கீழே இருக்கும். போட்டேன். ஜேனைக் கூப்பிட்டு, சைக்கிளை எடு, போனைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே வா, கேள்வி கேட்காதே என்றேன். ஆபீசுக்குப் பின்னால்தான் கால்வாய். வீடியோவைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு ஓட ஆரம்பித்தேன்.

"அம்மா, பாரு. ஓடுறேன்."

"ஓடாதத்தா. மூச்சு வாங்குதுல்ல."

"ஓடுனா எல்லாருக்கும்தான் வாங்கும்."

"நல்லாருக்கவ எதுக்குடி இப்படி ஓடுறா? நாய் வெரட்டுதா?"

பின்னால் வேறு குரல்கள் கேட்டன. கிளினிக்கில் முறைக்குக் காத்திருந்த பெண்கள் போனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள் போலிருந்தது. "பிள்ள நல்லாத்தான ஓடுது. இந்தம்மா என்னமோ இன்னைக்கோ நாளைக்கோன்னு சொன்னுச்சு" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, யார் அந்த வெள்ளைக்காரி, சைக்கிளை ஒரு கையில் ஓட்டுகிறாளே என்றாள். ஜேனின் குரலைக் கேட்டுச் சிரிப்பும் எழுந்தது.

"ம்மா, மாத்திரையப் போடு. நீ போடுற வரைக்கும் நான் நிக்க மாட்டேன்."

"நில்லுடி. தையல் விட்ரும்."

"தையல் ஆறி வருசமாச்சும்மா."

நான் ஓடினேன். ஒரு பாலம் போனது. பாலத்துக்கு அடியில் சிக்னல் அறுந்து, வெளியே வந்ததும் மறுபடி அம்மாவின் முகம் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் கால்சட்டை சேறாகிவிட்டது. நான் வேகத்தைக் கூட்டினேன். அவளுக்குத் தெரிய வேண்டும் என்று கூட்டினேன். இந்தக் கிட்னியும் அவள் வளர்த்ததுதானே என்று நினைத்தது நினைவிருக்கிறது. அடுத்த பாலமும் போனது.

"போட்டாக மீனா. முழுங்கிட்டாக. நில்லு" என்று நர்ஸ் அக்கா கத்தினார்.

"வாயத் தொறந்து காட்டச் சொல்லுங்கக்கா."

அம்மா போனுக்கு நேராக வாயைத் திறந்தாள். வெற்றிலைக் கறை படிந்த நாக்கைத் தூக்கிக் காட்டினாள். நான் கரையில் உட்கார்ந்தேன். ஜேன் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து, அவள் யார், உன் அம்மாவா, என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள். நான் கொடுத்ததை என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் சொன்னேன்.

6

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி ஏற்றினார்கள். அண்ணன் லோடை இறக்கிவிட்டு ஓடிவந்து உடனிருந்தான். கிட்னி பிழைத்துக்கொண்டது. ஆனால் ரத்தப் பரிசோதனை பழைய அளவுக்கு வரவில்லை. கொஞ்சம் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓடும்போது அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். முடிவதில்லை.

மாத்திரையைப் பற்றி அவளுக்கு மறுபடி சொன்னேன். இந்த முறை நேரம் எடுத்துச் சொன்னேன். நம் வீட்டுக்குள் வந்த புது ஆளை உன் உடம்பு திருடன் என்று நினைத்து அடிக்க வரும், இந்த மாத்திரை வாசலில் நின்று, இது நம்ம பிள்ளைதான் என்று தினமும் சொல்லும், ஒரு வேளை சொல்லாவிட்டாலும் அடித்துவிடும். "அப்ப இதக் கழட்டித் திருப்பிக் குடுக்கவே முடியாதா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். "அப்பச் சரி" என்றாள். நர்ஸ் அக்கா அதைப் பேசி அனுப்பச் சொன்னார், வருகிற நோயாளிகளுக்குப் போட்டுக் காட்டுகிறாராம். நம் பேச்சிலேயே பேசி அனுப்பியிருக்கிறேன்.

உண்டியல் காசை யாரும் திருப்பி வாங்கவில்லை. நோய்க்கென்று போட்ட காசு வீட்டுக்குள் திரும்பி வந்தால் நோயும் கூட வரும் என்று பயம். எங்கள் தெருவில் டயாலிசிஸுக்குப் போகிற ஒருவரின் பஸ் செலவுக்கு அண்ணன் அதைக் கொடுத்துவிட்டான். ஃபிளெக்ஸை அம்மா எடுத்து ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருக்கிறாள். படம் அனுப்பினாள். சிவாவின் கூட்டாளிகள் மடிப்பில் மறைந்துவிட்டார்கள், என் முகம் மட்டும் வெயிலைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது. கீழே ஆடுகள் நிழலில் நிற்கின்றன.

எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் போன்கள் நின்றுவிட்டன. சித்தப்பா ஒரு தடவை கூப்பிட்டு, நல்ல சேதி தாயி என்று சொல்லிவிட்டு வைத்தார். அதற்குப் பிறகு யாரும் இல்லை. சின்னத்தாய் அத்தை கூப்பிடவே இல்லை. அவர்கள்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறவளைக் கூப்பிட்டு என்ன பேசுவது? ஆனாலும் அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு என் வீட்டின் சத்தமின்மை வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பு அது பழகிய ஒன்று. இப்போது போன் அடிக்காமல் இருப்பது தனியாகக் கேட்கிறது. சமைக்கும்போது போனைத் திருப்பி வைத்துவிடுகிறேன்.

எனக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. தண்ணீர் தூக்கியதைப் பற்றி அத்தை சொன்னாளே, அது செத்துப் போகிறவளுக்குச் சொன்ன சொல்லா, எனக்குச் சொன்னதா? இதை ஓடிக்கொண்டே பல ஞாயிறுகள் கேட்டுப் பார்த்தேன். கூப்பிடாதவளைக் கூப்பிடக் கூடாது என்கிற ரோஷமும் கூடவே ஓடிவந்தது.

நேற்று போட்டிக்கு முந்திய கடைசி நீண்ட ஓட்டம். ஜேன் ஊரில் இல்லை, தனியாகத்தான் ஓடினேன். மரங்களில் இலை வந்துவிட்டது. இரண்டாவது பாலம் தாண்டியதும், நிற்காமல், அத்தையின் எண்ணை அழுத்திவிட்டேன். காதில் மாட்டியிருந்த கருவியில் மணி அடிக்க ஆரம்பித்தபோது வைத்துவிடலாமா என்றிருந்தது. அதற்குள் எடுத்துவிட்டாள்.

"யாரு, மீனாவா? என்னடி, ஏதும் கெட்ட சேதியா?"

"ஒன்னுமில்ல அத்தே. சும்மாதான்."

"சும்மாவா எவளாச்சும் லண்டன்லருந்து போன் போடுவா? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ஓடிக்கிட்டு இருக்கேன்."

"இன்னுமா ஓடுற? அதான் ஒனக்கு ஒன்னுமில்லன்னு ஆயிருச்சுல்ல."

இன்னும் இரண்டு வாரத்தில் போட்டி என்று சொன்னேன். ஜெயித்தால் என்ன கொடுப்பார்கள் என்று கேட்டாள். ஜெயிக்க முடியாது, ஊர்ப்பட்ட பேர் ஓடுவார்கள், முடித்தால் ஒரு பதக்கம் தருவார்கள் என்றேன். தங்கமா என்றாள். தகரம் என்றேன். அவள் சிரித்துவிட்டு, படித்தவளுக்குப் புத்தி போகிற போக்கைப் பார் என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னாள்.

அப்போதுதான் கேட்டேன்.

"அத்தே, அன்னைக்குச் சொன்னீங்கள்ல, நான் தண்ணி தூக்குறதப் பத்தி. அது நெசமாச் சொன்னதா?"

நான் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த அந்த மத்தியானத்துக்கு அவள் போகிறாளோ என்று நினைத்தேன்.

"தூக்குனவதானடி. இல்லன்னு எவ சொன்னா?"

அவள் குரலில் உண்மையான கோபம் இருந்தது. எவள் சொன்னாள் என்று பெயரைச் சொன்னால் போய் ஒரு கை பார்த்துவிடுவாள் போலிருந்தது. நான் பெயரைச் சொல்லவில்லை.

"வெறும் வயித்துல ஓடாத. தண்ணியக் குடிச்சுட்டு ஓடு" என்றாள். அதற்குள் ஆடு எதையோ தின்ன வந்துவிட்டது. இருடி வாரேன் என்று போனைக் கீழே வைத்துவிட்டு அதை விரட்டப் போனாள். போனவள் அப்படியே மறந்துவிட்டாள். ஆட்டை வைதாள். யாரோ வந்து உளுந்து காய்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. அத்தை யாருக்கோ, மீனாதான், லண்டன்லருந்து, சும்மா பேசுனா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் போனை வைக்கவில்லை. இடுப்பிலிருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அடுத்த பாலம் வரை, அதற்கு அடுத்த பாலம் வரை, அந்தச் சத்தத்தோடு ஓடினேன்.